சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்

கீழ்ப்பழனி மலையில் எந்த ஊருக்குப் போனாலும் சிறு காபி விவசாயிகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சர்டிபிகேட் வாங்குனா கிலோவுக்கு எவ்வளவு கூடக் கெடைக்கும் தம்பி?" தோட்டத்துக்குச் செலவு செய்பவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இயற்கை வேளாண்மை, ஃபேர்டிரேடு என்று காபிக்குத் தரப்படும் அந்தச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கும்?

எங்கள் விவசாயிகள் குழு உருவானதே ஒரு வியாபாரியால்தான். அவருடைய ஆட்கள் வந்தார்கள், கூட்டம் போட்டார்கள், பட்டா நகல் வாங்கினார்கள், எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். தணிக்கைக் கட்டணம், பயிற்சி, மண் பரிசோதனை என்று எல்லாச் செலவும் அவர்களுடையது. விவசாயிக்குப் பத்துப் பைசா செலவில்லை. சில பருவங்கள் அப்படியே ஓடின. பிறகு பெங்களூரில் காபி வறுத்து விற்கும் ஒருவர் எங்கள் பார்ச்மெண்டை, அதாவது பழத்தோல் உரித்துக் கழுவிக் காயவைத்த கொட்டையைப் பார்த்துவிட்டு நல்ல விலை சொன்னார். சான்றிதழ் பெற்ற காபியாகவே வேண்டும் என்றார். அப்போதுதான் தெரிந்தது, எங்களிடம் சான்றிதழே இல்லை என்று. காகிதத்தில் பெயர் வியாபாரியின் நிறுவனத்துடையது. நாங்கள் அதன் பின்னிணைப்பில் இருந்த உறுப்பினர் பட்டியல், அவ்வளவுதான். அவரிடம் விற்றால் அது சான்று பெற்ற காபி. அதே களத்தில் அதே நாளில் காய்ந்த கொட்டையை வேறொருவரிடம் விற்றால் சாதாரணக் காபி.

இதில் சட்டப்படி தப்பு எதுவும் இல்லை. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் போன்ற சர்வதேசச் சான்றிதழ் முறைகளில் ஏற்றுமதியாளரோ, கொட்டையின் உமி நீக்கித் தரம் பிரிக்கும் கியூரிங் ஆலையோ சிறு விவசாயிகளைக் குழுவாகச் சேர்த்துச் சான்றிதழைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளலாம். ஃபேர்டிரேடு என்ற நியாய வணிகச் சான்றில் சிறு விவசாயிகளுக்கான முறை வேறு. அங்கே சான்றிதழ் விவசாயிகளின் அமைப்புக்கே உரியது, அதற்குப் பொதுக்குழு இருக்க வேண்டும், கூடுதலாக வரும் பிரீமியம் பணத்தை என்ன செய்வது என்று அந்தப் பொதுக்குழுதான் முடிவு செய்யும். இந்தியாவின் இயற்கை வேளாண் சான்றான என்.பி.ஓ.பி.யிலும் ஏற்றுமதியாளர்களே குழுக்களை நடத்துவது வெகுநாள் வழக்கமாக இருந்தது. 2025 ஜனவரியில் வந்த புதிய விதிகள் விவசாயிகள் குழுவுக்கே சட்டப்படியான அமைப்பு வடிவம் இருக்க வேண்டும் என்கின்றன. சிறு விவசாயிகளுக்கு இந்த விஷயத்தில் நடந்த நல்ல காரியங்களில் இதை முதலில் வைப்பேன்.

கையெழுத்துக்கு முன் நாலு விஷயம் கேளுங்கள். சான்றிதழ் யார் பெயரில்? குழுவை விட்டு விலகினால் தடையில்லாச் சான்று தருவார்களா? நம் தோட்ட வரைபடமும் ஆய்வு அறிக்கையும் நமக்கு ஒரு நகல் கிடைக்குமா? கூடுதல் விலை எந்த விலைக்கு மேல் கணக்கிடப்படும், அன்றைய சந்தை விலைக்கு மேலா, அவர்களே சொல்லும் விலைக்கு மேலா? கடைசிக் கேள்விக்கு வாய்ப்பேச்சாகப் பதில் வந்தால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வெளியூர் வாசகர்களுக்காக எங்கள் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, கே.சி.பட்டி என்று திண்டுக்கல் மாவட்டத்தில் பரவியிருக்கும் மலைச்சரிவு இது. காபி போர்டு கணக்கில் 10 ஹெக்டேர் வரை, அதாவது 25 ஏக்கர் வரை வைத்திருப்பவர் சிறு விவசாயி. எங்கள் பக்கம் 25 ஏக்கர் வைத்திருப்பவர் பெரிய எஸ்டேட்காரர். எங்கள் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் இரண்டு மூன்று ஏக்கர்காரர்கள். அந்த இரண்டு ஏக்கரில் காபி மட்டும் இருக்காது. சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி, நடுவில் கமலா ஆரஞ்சு, சரிவில் மலைவாழை, இப்போது எல்லோரும் வைக்கும் பட்டர் ஃப்ரூட். அறுவடையானதை வத்தலக்குண்டு வழியாகப் பட்டிவீரன்பட்டிக் கியூரிங் ஆலைகளுக்கு இறக்குவது தலைமுறை வழக்கம்.

இந்தக் கலப்புப் பயிர்தான் சான்றிதழ் வேலையில் பெரிய சிக்கல். பயிற்சி வகுப்பில் கேட்கும்போது எல்லோரும் காபியை மட்டும் மனதில் வைத்துத் தலையாட்டுவார்கள். "காபிக்கு நாங்க மருந்தே அடிக்கிறதில்லை." உண்மைதான். ஆனால் இயற்கை வேளாண் சான்று நிலத்துக்குக் கொடுக்கப்படுவது. வாழைக் கன்று நடும்போது குழியில் போடும் குருணை மருந்து, ஆரஞ்சுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லி, மிளகு வாடல் நோய்க்கு வேரில் ஊற்றும் மருந்து எல்லாம் கணக்கில் வரும். குழுவே தன் உறுப்பினர் தோட்டங்களைப் பார்க்கும் உள் ஆய்வுக்குப் போகிற இடத்தில் நான் காபிச் செடியைப் பார்ப்பதற்கு முன் வாழையடியைப் பார்ப்பேன். அதன் பிறகு மோட்டார் அறையின் பின்பக்கம். காலி மருந்து டப்பா அங்கேதான் கிடக்கும்.

அடுத்த தோட்டமும் உண்டு. எங்கள் மலையில் சவ்சவ் பந்தல் அதிகம். பந்தலுக்கு அடிக்கும் மருந்து காற்றோடு வேலியைத் தாண்டும். பந்தல்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவருக்கும் பிழைப்பு அதுதான். அவர் வேலியை ஒட்டிய இரண்டு மூன்று வரிசையை ஒதுக்கி, அங்கே பறிக்கும் பழத்தைத் தனிச் சாக்கில் கட்டிச் சாதாரணக் காபியாக விற்கச் சொல்கிறோம். விலை கொஞ்சம் குறையும், ஆனால் மருந்து எச்சப் பரிசோதனையில் ஒரு மூட்டை மாட்டினால் குழு முழுவதும் மாட்டும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் எல்லார் தோட்டத்துக்கும் போவதில்லை, சிலதைத் தேர்ந்தெடுத்துத்தான் பார்க்கிறார். அவர் நம்புவது எங்கள் உள் ஆய்வை. அதில் ஓட்டை கண்டுபிடித்தால் மொத்தக் குழுவின் மீதும் சந்தேகம் விழும்.

என்.பி.ஓ.பி.யில் ஒரு குழுவுக்குக் குறைந்தது 25 பேர், அதிகபட்சம் 500 பேர். 25 பேரோடு தொடங்குவது காகிதத்தில் சரி. நடைமுறையில் தணிக்கைச் செலவை அத்தனை சிறிய குழு தாங்காது. அதே சமயம் பேராசையில் ஐந்தாறு ஊரை ஒன்றாகச் சேர்த்தாலும் சிரமம். வருடத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு தோட்டத்துக்கும் உள் ஆய்வாளர் நடந்து போக வேண்டும், ஜீப் போகாத தோட்டம்தான் எங்களுக்கு அதிகம். ஒரே பஸ் தடத்தில் இருக்கும் ஊர்களாகச் சேருங்கள். ஆய்வாளரை வேறு ஊர்த் தோட்டங்களுக்கு மாற்றி அனுப்புங்கள். சித்தப்பா தோட்டத்தை மகன் ஆய்வு செய்தால் என்ன எழுதுவான்?

உள்ளூர்ச் சந்தையில், மதுரையிலோ சென்னையிலோ மட்டும் விற்பவர்களுக்கு இத்தனை செலவு தேவையில்லை. பி.ஜி.எஸ். இந்தியா என்ற முறையில் ஐந்து விவசாயிகள் சேர்ந்தாலே போதும், ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்த்துச் சான்று தருவார்கள். ஏற்றுமதிக்கு அது செல்லாது. ஏற்றுமதி என்றாலும் எந்த நாடு என்று கேட்டுக்கொள்ளுங்கள். என்.பி.ஓ.பி. சான்றை அமெரிக்கா ஏற்றுவந்த ஏற்பாடு 2021இல் முடிந்துவிட்டது, அங்கே அனுப்ப அவர்கள் விதிப்படி தனிச் சான்று வேண்டும். பறவைகளுக்கு உகந்த காபி என்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தரும் சான்றுக்கு இயற்கை வேளாண் சான்று முன்நிபந்தனை, மர நிழல் குறைந்தபட்சம் 40 சதவீதம் இருக்க வேண்டும், பல வகை மரங்கள் வேண்டும். எங்கள் பழைய தோட்டங்களில் பலாவும் அத்தியும் கல்யாண முருங்கையும் இன்னும் நிற்கின்றன. அப்படிப்பட்ட தோட்டத்துக்கு இது பொருந்தும். மரமெல்லாம் போய் சில்வர் ஓக் மட்டும் வரிசை கட்டி நிற்கும் தோட்டத்துக்குப் பொருந்தாது.

நிழல் என்றதும் போரர் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்று காபி போர்டு புத்தகத்தில் இருக்கும், எங்களுக்குப் போரர். அராபிகா வகைக் காபியின் எமன். வண்டு தண்டுப்பட்டையின் வெடிப்பில் முட்டையிடும், புழு உள்ளே போய்விட்டால் வெளியில் எதுவும் தெரியாது. கொஞ்ச நாளில் இலை மஞ்சளாகும். தண்டை விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தால் ஓர் இடத்தில் மோதிரம் போட்டதுபோல் புடைப்பு தட்டுப்படும். அங்கே பிடித்து வளைத்தால் செடி படக்கென்று முறியும், உள்ளே இறுக்கி அடைத்த மரத்தூள் இருக்கும். முன்பெல்லாம் இதற்குத் தண்டில் குளோர்பைரிபாஸ் பூசுவார்கள். இயற்கைச் சான்றில் அதற்கு இடமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியமும் 2020இல் அந்த மருந்துக்கான அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. அதனால் சான்று வேண்டாம் என்பவர்களும் ஏற்றுமதிக்குப் போகிற காபியில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அதற்குப் பதிலாகச் செய்வது கை வேலை. வண்டு பறக்கும் காலம் இரண்டு: சித்திரையை ஒட்டி ஏப்ரல், மே, மறுபடி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதற்கு முன் வரிசை வரிசையாக நடந்து, அடிபட்ட செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். தேங்காய் நாரால் தண்டின் தளர்ந்த பட்டையைத் தேய்த்துவிட்டு, 10 சதவீதச் சுண்ணாம்புக் கரைசலைத் தண்டிலும் தடித்த கிளையிலும் பூச வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரரும் அதே வாரத்தில் பிடுங்கினால்தான் பலன். இதைத்தான் குழுவின் உண்மையான பலன் என்று நான் நினைக்கிறேன். சான்றிதழுக்காக ஒன்றாக உட்கார்ந்த கூட்டத்தில்தான் எங்கள் ஊரில் முதல் முறையாக எல்லோரும் ஒரே வாரம் போரர் செடி பிடுங்குவது என்று முடிவானது. வெயில் நேரடியாகத் தண்டில் விழும் தோட்டத்தில் போரர் அதிகம் என்பது பெரியவர்களுக்கு முன்பே தெரியும். விலை நன்றாக இருந்த நாளில் நிழல் மரத்தை வெட்டி விற்றவர்கள் பிறகு செடியையும் சேர்த்து இழந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

தோட்ட வேலையை அன்றன்று எழுதிவைக்கும் குறிப்பேடுதான் பலரை விரட்டும் விஷயம். "எழுதப் படிக்கத் தெரியாதவன் என்ன பண்றது?" என்று முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுவார்கள். எங்கள் குழுவில் மிகச் சரியாக எழுதப்பட்ட குறிப்பேடு கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த ஓர் அக்காவுடையது. பள்ளிக்கூட நோட்டு ஒன்றை பிளாஸ்டிக் பையில் போட்டுக் காபி அறையின் ஆணியில் மாட்டியிருப்பார். ராத்திரி சாப்பிட்டபின் அவர் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுவாள். "தை 12. மேல்காடு. சுண்ணாம்பு. ஆள் 3. கூலி கொடுத்தாச்சு." வெளி ஆய்வாளருக்குத் தை 12 எந்தத் தேதி என்று புரியவில்லை. அந்த வருடத்திலிருந்து இரண்டு தேதியும் எழுதுகிறோம். தமிழ் மாதத்தை விடச் சொல்லவில்லை. மலையில் வேலை நினைவில் நிற்பது அதில்தான், அதை விட்டால் மொத்தமாகப் பொய் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். ஆய்வுக்கு முந்தின இரவு ஒரே பேனாவில் ஒரு வருடத்தை எழுதி முடித்த நோட்டை எந்த ஆய்வாளரும் ஒரு புரட்டிலேயே கண்டுபிடித்துவிடுவார். கறை படிந்த, மை மாறிய, இடையில் இரண்டு வாரம் விட்டுப்போன நோட்டு எவ்வளவோ மேல்.

பல்பர், அதாவது பழத்தோல் உரிக்கும் இயந்திரத்திலிருந்து வரும் தண்ணீருக்கு வருகிறேன். பழத்தைத் தோலுரித்து, ஊறவைத்து, வழவழப்புப் போகக் கழுவி எடுத்தால்தான் பார்ச்மெண்ட். அந்தக் கழுவு நீர் புளித்து நாறும், ஓடையில் விட்டால் மீன் செத்து மிதக்கும். எங்கள் சரிவில் விழும் நீர் அடிவாரத்து மருதாநதி அணைக்கும் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்துக்கும் போகிறது. திண்டுக்கல் நகரம் குடிப்பது ஆத்தூர்த் தண்ணீரை. எந்த விதிப் புத்தகத்தையும் காட்டாமல் இதை மட்டும் சொன்னாலே எங்கள் ஆட்கள் குழி வெட்டிவிடுகிறார்கள், ஏனென்றால் பலருக்குப் பெண் கொடுத்த ஊர் அடிவாரத்தில் இருக்கிறது. ஓடையிலிருந்து தள்ளி ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு மூன்று குழி, முதல் குழியில் சுண்ணாம்பு, தோலைத் தனியே குவித்துச் சாணியோடு மட்கவைத்து மறுபடி தோட்டத்துக்கே. முடிந்தால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே இடத்தில் பல்பர் போடுங்கள், ஒரு குழியைப் பராமரித்தால் போதும்.

பறிப்பு தொடங்கும் முன் ஒவ்வொரு தோட்டத்துக்கும் மகசூல் மதிப்பீடு எழுதுகிறோம். காய்ப்பைப் பார்த்து, இத்தனை செடி, செடிக்கு இத்தனை கிலோ பழம் என்று. ஏறக்குறைய ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சுத்தமான கொட்டை. மதிப்பீட்டைவிட அதிகமாக ஒருவர் கொண்டுவந்தால் அவர் தோட்டத்துக்கு மறுபடி போவோம். வெளிக் காபி உறுப்பினர் பெயரில் நுழைவது இந்தத் தொழிலின் பெரிய நோய். மச்சான் தோட்டத்து நாலு மூட்டையைச் சேர்த்துப் போட்டுவிட்டேன் என்பார், அவருக்கு அது உதவி. அந்த மச்சான் தோட்டத்தில் என்ன அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. சாக்கையும் கவனியுங்கள். யூரியா சாக்கில் காபி கட்டுவது இன்னும் இருக்கிறது. குழுவே புதுச் சணல் சாக்கு வாங்கி உறுப்பினர் எண்ணை மையால் எழுதிக் கொடுத்தபின் எங்களுக்கு அந்தத் தொல்லை நின்றது.

விலைக்கு வருவோம். ஃபேர்டிரேடின் குறைந்தபட்ச விலை, கழுவிய அராபிகாவுக்கு, 2023 ஆகஸ்டிலிருந்து ஒரு பவுண்டுக்கு 1.80 டாலர். அதற்கு மேல் பிரீமியம் 20 சென்ட். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. அப்படிப்பட்ட வருடத்தில் அந்தக் குறைந்தபட்ச விலை எதற்கும் உதவாது. வாசலுக்கே ஜீப்பில் வந்து, கையில் ரொக்கம் கொடுத்து, பழமாகவே எடுத்துப்போகிறவரிடம் பாதிப் பேர் கொடுத்துவிடுவார்கள். குழுவுக்குப் போட்டால் பணம் வர நாளாகும், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் நாளைக் காலை கட்ட வேண்டும். அவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பழம் போட்ட அன்றே ஒரு பகுதிப் பணம் கொடுக்கும் வழியை ஏற்படுத்தாத குழு விலை ஏறும் முதல் வருடத்தில் கலைந்துவிடும். எங்கள் குழு வங்கிக் கடன் எடுத்து முன்பணம் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் நிலைத்தது. விலை விழும் வருடத்தில் கதை தலைகீழாகும். 2019இல் நியூயார்க் விலை பவுண்டுக்கு 1 டாலருக்கும் கீழே போனது. அந்த மாதிரி நாட்களுக்கான குடைதான் குறைந்தபட்ச விலை. வெயில் நாளில் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.

இப்போது புதிதாக வந்திருப்பது ஐரோப்பாவின் காடழிப்புத் தடைச் சட்டம். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபி அங்கே நுழையக்கூடாது. நடைமுறைக்கு வரும் தேதி 2024 முடிவிலிருந்து 2025க்கும், அங்கிருந்து 2026 முடிவுக்கும் தள்ளிப் போயிருக்கிறது. தேதி தள்ளினாலும் வேலையைத் தள்ளாதீர்கள், நாம் விற்கும் காபியில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத்தான் போகிறது. 4 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டத்துக்கு ஒரே ஒரு புள்ளி போதும், அட்சரேகை தீர்க்கரேகை ஆறு தசம இலக்கத்தில். அடர்ந்த நிழலுக்குள் செல்போன் தப்பான இடம் காட்டும். வெட்டவெளியான பாறையோ களமோ பார்த்து நின்று, எண் ஓடுவது நிற்கும்வரை காத்திருந்து குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் மலை வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டியது. வரைபடத்தில் புள்ளி கொஞ்சம் நகர்ந்தாலும் தோட்டம் காட்டுக்குள் இருப்பதாகத் தெரியும், பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பவர்கள் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். தேவையில்லை. நிலத்தில் இப்போது யார் பயிர் செய்கிறார் என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் நகலும், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் வைத்து எங்களில் பலர் சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் சான்றளிக்கும் நிறுவனத்திடம் அந்தக் காகிதம் போதுமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதே வழியில்தான் பெண்களின் பெயரும் பட்டியலுக்குள் வந்தது. பல தோட்டங்களில் பட்டா கணவர் பெயரில், கணவர் திருப்பூரில், கவாத்திலிருந்து களம் வரை வேலை மனைவியுடையது. பயிற்சிக்கு அவர் வருவார், குறிப்பேடு அவருடையது, ஆனால் உறுப்பினர் கணவர் என்பதால் பொதுக்குழுவில் ஓட்டு இல்லை, பணமும் வேறு கணக்கில் போய் விழும். கணவர் ஒரு சம்மதக் கடிதம் கொடுத்தால் பயிர் செய்பவராக மனைவியையே பதியலாம் என்று தீர்மானம் போட்டோம். சில வீடுகளில் முகம் சுளித்தார்கள். ஓர் அண்ணன் மட்டும் திருப்பூரிலிருந்து போன் செய்து, "அவதானே பாக்குறா, அவ பேர்லயே போட்டுருங்க" என்றார். அடுத்த பொதுக்குழுவில், பிரீமியம் பணத்தில் எஸ்டேட் ரோடு போடுவதா, பறிப்பு நாட்களில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு அறையும் ஆயாவும் வைப்பதா என்று பேச்சு வந்தபோது அறைக்கே அதிக ஓட்டு விழுந்தது. ரோட்டுக்கு ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம்.